இங்கே ஊசி போடவும்

மனித குலத்தின் சாதனைகளில் ஊசி மருந்தைக் கண்டுபிடித்ததற்கு இரண்டாம் இடம்தான் கொடுக்க முடியும். முதலிடம், அந்த ஊசி ஊழியரின் விரலில் ஏறிவிட்டால் அதை எந்தச் சொல்லால் அழைப்பது என்று முடிவு செய்ய ஒரு குழு அமைத்த ஆஸ்பத்திரிக்கே உரியது. மருந்தை யார் வேண்டுமானாலும் கண்டுபிடித்துவிடுவார்கள். சொல் கிடைக்கும் வரை மருந்தைத் தராமல் பொறுத்திருக்கத் தனி மனவுறுதி வேண்டும்.

அந்த மனவுறுதியை அருகிலிருந்து தரிசிக்கும் பாக்கியம் ஆண்கள் வார்டு சிஸ்டருக்குக் கிடைத்தது. விரல் அவளுடையது என்பதால் முன்வரிசையிலேயே இடம் கொடுத்தார்கள்.

சிஸ்டருக்கு ஒரு பெருமை உண்டு. அது அவள் கையெழுத்து. வார்டில் எந்தக் கட்டிலில் எந்த அட்டை தொங்க வேண்டுமானாலும் அவள்தான் எழுத வேண்டும். முத்து முத்தான எழுத்து. படிக்கிறவர்கள் தங்கள் நோயின் பெயரைப் பார்த்து, "எவ்வளவு அழகா இருக்கு" என்று சொல்லியிருக்கிறார்கள். அவள் வீட்டுக்காரர் கடைத்தெருவில் தையல் கடை வைத்திருந்தார். அந்தக் கடைப் பலகையும் அவள் எழுதியதுதான். வீட்டில் இன்னும் பால் மறக்காத ஒரு மகள் இருந்தாள். அவளுக்கு எழுத்தைப் பற்றி அபிப்பிராயம் இல்லை, பலகைகளை நக்கிப் பார்ப்பதோடு சரி.

அந்த ஆஸ்பத்திரிக்குச் சோதனை முறையில் ஒரு மஞ்சள் பெட்டி வந்து சேர்ந்தது. கெட்டியான பிளாஸ்டிக், மேலே ஒரு துவாரம். பயன்படுத்திய ஊசியை அதற்குள் போட்டுவிட்டால் போட்டதுதான். அது மறுபடி வெளியே வந்து யாரையும் குத்தாது, ஒருவர் ரத்தத்தில் இருக்கும் கிருமி இன்னொருவர் ரத்தத்துக்குப் போகாது. கண்காணிப்பாளர் பெட்டியை வரவேற்று நெடுநேரம் பேசினார். ஆண்கள் வார்டு வாசலில் அதை வைக்க வேண்டும், அதன் மேல் நல்ல தமிழில், சுருக்கமாக, யாரும் தவறாகப் புரிந்துகொள்ள முடியாத ஓர் அறிவிப்பு வேண்டும் என்றார். எல்லோரும் சிஸ்டரைத் திரும்பிப் பார்த்தார்கள். சிஸ்டருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

சிவப்பு மையில், சாயாத எழுத்தில், அவள் எழுதினாள்: "இங்கே ஊசி போடவும்."

மூலையில் ஒரு பூவும் வரைந்தாள்.

மறுநாள் காலை அவள் வேலைக்கு வந்தபோது பெட்டிக்கு முன்னால் வரிசை நின்றது. முழுக்கைச் சட்டைக்காரர்கள் கையைச் சுருட்டி விட்டுக்கொண்டு நின்றார்கள். ஓர் அம்மாள் மகனின் கால்சட்டையை இறக்கலாமா, கையிலேயே முடிந்துவிடுமா என்று பக்கத்தில் இருந்தவரிடம் விசாரித்துக்கொண்டிருந்தாள். வரிசையில் முதலாவதாக நின்ற ஒரு விவரமான ஆள், இந்தக் காலத்தில் எல்லாமே மெஷின்தான் என்று மற்றவர்களுக்கு விளக்கிவிட்டு, ஆள்காட்டி விரலைத் துவாரத்துக்குள் விட்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டு காத்திருந்தார். நல்லவேளை, பெட்டி அப்போது காலியாக இருந்தது. ஒன்றும் நடக்கவில்லை என்றதும் அவர் விரலை எடுத்துப் பார்த்து, வலியே தெரியவில்லை, அருமையான மெஷின் என்று பாராட்டிவிட்டுப் போய்விட்டார்.

செய்தி கண்காணிப்பாளருக்குப் போயிற்று. வேறொரு நிர்வாகி என்றால் அட்டையைக் கழற்றியிருப்பார். சிஸ்டரே அதைத்தான் சொன்னாள். 'பயன்படுத்திய ஊசியை இதற்குள் போடவும்' என்று மாற்றி எழுதித் தருகிறேன், பூவையும் எடுத்துவிடுகிறேன் என்று கெஞ்சினாள். கண்காணிப்பாளர் அவசரப்படுகிறவர் அல்ல. குழப்பம் விளைவித்தது எதுவோ அதை அப்புறப்படுத்துவதே முறை என்று கருதி, பெட்டியை எடுத்துத் தம் அறையில் தம் நாற்காலிக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். திருத்திய வாசகம் குழுவில் நிறைவேறும் வரை பெட்டி அங்கேயே "பாதுகாப்பாக" இருக்கும் என்று அறிவித்தார். ஊசிகளைப் பத்திரப்படுத்தும் பெட்டியைப் பத்திரப்படுத்திய முதல் ஆஸ்பத்திரி அநேகமாக அதுதான்.

இதனால் வார்டில் ஒரு சிறு மாறுதல் ஏற்பட்டது. ஊசி போட்டு முடித்ததும் சிஸ்டர்கள் அந்த ஊசியைக் கையில் எடுத்துக்கொண்டு, எக்ஸ்ரே அறை தாண்டி, மருந்தகத்தில் மொய்க்கும் கூட்டத்துக்குள் புகுந்து, மாடியேறி, கண்காணிப்பாளர் அறைக் கதவைத் தட்டி, "உள்ளே வரலாமா ஐயா?" என்று கேட்டுப் பெட்டியில் போட்டுவிட்டு வரவேண்டியதாயிற்று. திறந்த ஊசியோடு கூட்டத்தில் நடக்க முடியுமா? ஆகவே மூடி போட்டுத்தான் கொண்டுவர வேண்டும் என்று கண்காணிப்பாளர் உத்தரவு போட்டு வார்டுச் சுவரில் ஒட்டச் செய்தார். பயன்படுத்திய ஊசிக்கு ஒருபோதும் மூடி போடக்கூடாது, அப்போதுதான் கையில் குத்தும் என்று அதே சுவரில் ஏற்கனவே ஓர் உத்தரவு ஒட்டியிருந்தது. இரண்டிலும் அவர் கையெழுத்துதான். எந்தப் பக்கம் விபத்து வந்தாலும் சமாளிக்கிற தொலைநோக்கு அது.

ஜன்னலோரக் கட்டிலில் ஒரு பெரியவர் இருந்தார். வருஷக்கணக்காக ரத்தத்தில் ஒரு கிருமியோடு குடித்தனம் நடத்துகிறவர். அதை அவர் மறைத்ததும் இல்லை, வார்டில் யாரும் அதற்காக முகம் சுளித்ததும் இல்லை. அன்று காலை அவருக்கு ஊசி போட்டுவிட்டு, உத்தரவுப்படி சிஸ்டர் இடது கையில் மூடியையும் வலது கையில் ஊசியையும் வைத்துக்கொண்டு இரண்டையும் சேர்க்கப் போனாள். கதவருகே யாரோ "சிஸ்டர்" என்று கூப்பிட்டார்கள். அவள் தலை அந்தப் பக்கம் திரும்பியது. ஊசி மூடியை விட்டுவிட்டு விரலுக்குள் போய்விட்டது.

கையுறையைக் கழற்றிப் பார்த்தாள். ஆள்காட்டி விரலில் கடுகளவு ரத்தம். அவள் கை தானாக வாயை நோக்கிப் போயிற்று. தையல்காரர் வீட்டுப் பழக்கம்.

"வாயில வைக்காதம்மா," என்றார் பெரியவர். "குழாயைத் திறந்து விட்டு சோப்புப் போட்டுக் கழுவு. பிதுக்காத."

அவள் கழுவினாள். கழுவிக்கொண்டே இருந்தாள். பெரியவர் கட்டிலை விட்டு இறங்கி வந்து பக்கத்தில் நின்றார்.

"என் உடம்புல என்ன இருக்குன்னு உனக்குத் தெரியும். அது உனக்கு ஒட்டாம தடுக்க மாத்திரை இருக்குன்னும் தெரியும். நேரம் போகப் போக அது வேலை செய்யாது. நிக்காத, ஓடு." பிறகு தலையணைக்கு அடியில் துழாவி, "இல்லேன்னா என்னோடதுல ஒண்ணு போட்டுக்கறியா?" என்று கேட்டார். உங்கள் மருந்து வேறு, எனக்கு வேண்டியது வேறு என்று சிஸ்டர் சொன்னாள். அந்த ஆஸ்பத்திரியில் அன்று அவளுக்கு யாராவது மருந்து நீட்டினார்கள் என்றால் அது அவர் மட்டுமே.

மருந்தகத்தில் அந்த மாத்திரைப் பொட்டலம் ஒன்றே ஒன்று இருந்தது. மருந்தாளுநர் அதைக் கண்ணாடி அலமாரியில் காட்டினார், ஆனால் எடுக்கவில்லை. நோயாளி என்றால் டாக்டர் சீட்டு வேண்டும், ஊழியர் என்றால் கண்காணிப்பாளர் அனுமதி வேண்டும் என்றார். சிஸ்டர் சட்டென்று நோயாளியாகிவிடத் தீர்மானித்து வெளிநோயாளி வரிசையில் போய் நின்றாள். டாக்டர் அவள் சீருடையைப் பார்த்துவிட்டு மிகவும் வருந்தினார். வேலை நேரத்தில் ஊழியர் நோயாளியாக இருக்க விதி இடம் தரவில்லை, விடுப்பு எடுத்துக்கொண்டு வந்தால் பார்க்கிறேன், விடுப்புக்கு மருத்துவச் சான்று வேண்டும், அதை நோயாளிகளுக்குத்தான் தருவோம் என்று பொறுமையாக எடுத்துச் சொன்னார்.

மாடியேறும்போது வீட்டுக்காரருக்குப் போன் செய்தாள்.

"ஊசி குத்திடுச்சுங்க," என்றாள்.

மறுமுனையில் தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. "இதுக்குப் போயா போன் பண்ற? நான் காலையிலேருந்து எத்தனை தடவை குத்திக்கிட்டேன்னு எனக்கே தெரியாது. வாயில வச்சுட்டு வேலையைப் பாரு."

"உங்க ஊசி துணிக்குள்ள போயிட்டு வருதுங்க. இது இன்னொருத்தர் உடம்புக்குள்ள போயிட்டு வந்தது."

மெஷின் நின்றுவிட்டது. பிறகு, "நீ மருந்து வாங்காம அங்கிருந்து நகராத. பாப்பாவை நான் பார்த்துக்கறேன்," என்றார். அவர் குரல் அப்படி நடுங்கி அவள் கேட்டதில்லை. அதுவரை இல்லாத பயத்தோடு மிச்சப் படிகளை இரண்டிரண்டாகத் தாண்டினாள்.

கண்காணிப்பாளர் அவள் எழுதிக் கொடுத்ததைப் பார்த்து முதலில் கையெழுத்தைப் பாராட்டினார். அதன்பிறகு 'ஊசி குத்திவிட்டது' என்ற இடத்தில் 'குத்தி' என்பதை மட்டும் அடித்தார். சுவரைக் காட்டினார். அங்கே 'குத்து நிகழா மருத்துவமனை' என்ற பாராட்டுப் பத்திரம் சட்டத்துக்குள் மாட்டியிருந்தது. குத்து நிகழாத இடத்தில் குத்தியதாக எழுதினால் பத்திரம் பொய்யா, விரல் பொய்யா என்ற கேள்வி எழும், பத்திரத்தில் முத்திரை இருக்கிறது, விரலில் இல்லை என்றார். இருந்தாலும் அவர் கல்நெஞ்சர் அல்ல. குத்து என்று சொல்லாமல் குத்தைச் சொல்ல ஒரு சொல் கிடைத்தால் அந்தக் கணமே அனுமதி தருவதாக வாக்களித்து, சொல்லாக்கக் குழுவின் அவசரக் கூட்டத்தை, தேநீருக்குப் பிறகு, கூட்டினார்.

குழுவில் கண்காணிப்பாளர், மேட்ரன், மொழி ஆலோசகர் ஆகிய மூவர். மொழி ஆலோசகர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். எப்போதும் ஒரு தடித்த அகராதியைக் கக்கத்தில் வைத்திருப்பதால் அவரை ஆஸ்பத்திரியில் 'அகராதி' என்று அழைப்பார்கள். வேறொரு காரணமும் உண்டு, அதை அவர் எதிரில் சொல்வதில்லை. சிஸ்டரைச் சான்றுப் பொருளாக மேசையோரம் நிற்க வைத்தார்கள்.

எல்லோரும் சொல்வது போல ஊசிக்குத்து என்றே வைத்துவிடலாமே என்று மேட்ரன் ஆரம்பித்தார். குத்து என்றால் குத்தியவன் யார் என்று போலீஸ் கேட்கும், ஊசியையா பிடித்துக் கொடுப்பது என்று கண்காணிப்பாளர் மடக்கினார். சரி, ஊசிக்காயம் என்றார் மேட்ரன்.

அகராதி தொண்டையைக் கனைத்தார். "காயம்னா உடம்புன்னும் ஒரு பொருள் உண்டு. ஊசிக்காயம்னா ஊசி மாதிரி மெலிஞ்ச உடம்புன்னு ஆயிடும்." சிஸ்டரை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். "இங்க அது பொருந்தலை."

ஊசி விபத்து என்றால் வண்டி எண் கேட்பார்கள் என்று அதுவும் தள்ளுபடியாயிற்று. ஊசித் தொடர்பு என்பது கண்காணிப்பாளருக்குப் பிடித்திருந்தது. கல்யாணமான பெண்ணுக்குத் தொடர்பு என்று எழுதினால் குடும்பத்தில் குழப்பம் வரும் என்று மேட்ரன் காதைப் பொத்திக்கொண்டார். முள் தைத்தது என்கிறோமே, அதுபோல ஊசி தைத்தது எனலாம் என்று அகராதி புன்னகைத்தார். சிஸ்டர் வீட்டுக்காரர் தையல்காரர் ஆயிற்றே, அவர்கள் வீட்டுத் தொழிலுக்கு ஆஸ்பத்திரி எப்படிப் பொறுப்பேற்கும் என்று கண்காணிப்பாளர் கேட்டதும் அகராதியே அதை வாபஸ் வாங்கினார். ஜன்னலில் வெயில் ஒரு கம்பியிலிருந்து அடுத்த கம்பிக்கு நகர்ந்தது. அதைப் பார்த்துக்கொண்டு நின்ற சிஸ்டரால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை.

"ஐயா, பேர் அப்புறம் வைங்க. மாத்திரையை இப்பக் குடுங்க."

"பேரே இல்லாத ஒண்ணுக்கு எப்படிம்மா மருந்து குடுக்கறது?"

"பொறந்த குழந்தைக்குப் பேர் வைக்கிறதுக்கு முன்னாடியே நாம தடுப்பூசி போடலையா ஐயா?"

மேட்ரன் தலையைக் குனிந்துகொண்டார். கண்காணிப்பாளர் மட்டும் நிதானம் இழக்கவில்லை.

"அது குழந்தை," என்றார். "இது நிர்வாகம்."

அப்போதுதான் அகராதிக்கு அருள் வந்தது. எழுந்து நின்று, கண்ணை மூடி, "தன்னூசி" என்றார். தனக்குத் தானே போட்டுக்கொண்ட ஊசி. குத்து இல்லை, காயம் இல்லை, போலீஸ் இல்லை. கண்காணிப்பாளர் எழுந்து அவரைத் தழுவிக்கொண்டார். உடனே ஒரு தாளில் 'மேற்படி சிஸ்டர் இன்று தன்னூசி எய்தினார்' என்று எழுதி, அதை இரண்டு முறை சத்தமாகப் படித்து ரசித்தார். மூன்றாவது முறை படிக்கும்போது அவர் முகம் மாறியது. தனக்குத் தானே ஊசி போட்டுக்கொண்டார் என்றால் எந்த டாக்டர் சொல்லிப் போட்டுக்கொண்டார்? சீட்டு எங்கே? டாக்டர் சொல்லாமல் ஊசி போட்டுக்கொள்வது ஒழுங்கீனம் அல்லவா? அதற்கு விளக்கம் வாங்காமல் எப்படி மருந்து கொடுப்பது?

விளக்கம் கேட்டு இன்னொரு தாள் எழுதினார். சிஸ்டரின் விண்ணப்பம், தன்னூசித் தாள், விளக்கத் தாள் மூன்றையும் ஒன்றாகச் சேர்த்து, மேசையில் இருந்த குண்டூசி ஒன்றை எடுத்து அழுத்தினார்.

"ஐயோ, குத்திடுச்சு!"

மொழி வரலாற்றில் இவ்வளவு வேகமாக ஒரு சொல் புழக்கத்துக்கு வந்ததில்லை. வாசலில் நின்ற கடைநிலை ஊழியர், "ஐயாவைக் குத்திடுச்சு" என்று கத்திக்கொண்டு மாடிப்படியில் இறங்கினார். எக்ஸ்ரே அறையைத் தாண்டும்போது அது "ஐயாவை ஊசி குத்திடுச்சு" ஆயிற்று. மருந்தகத்தை அடையும்போது "ஐயாவை வார்டு ஊசி குத்திடுச்சு" ஆகிவிட்டது. மருந்தாளுநர் அனுமதி கேட்கவில்லை, சீட்டுக் கேட்கவில்லை, சொல்லிலக்கணமும் கேட்கவில்லை. கண்ணாடி அலமாரியைத் திறந்து அந்த ஒரே பொட்டலத்தை ஒரு தட்டில் ஏந்திக்கொண்டு, ஒரு செருப்பை வழியிலேயே விட்டுவிட்டு ஓடிவந்தார். விதிகளைப் பொறுமையாக விளக்கிய டாக்டர் வரிசையில் இருந்த நோயாளிகளைத் தாண்டிக் குதித்து வந்தார். கண்காணிப்பாளர் வேலை நேரத்தில் நோயாளியாகலாமா என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

கண்காணிப்பாளர் கட்டைவிரலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் சாய்ந்திருந்தார். மேட்ரன் விசிறினார். டாக்டர் தட்டைச் சிஸ்டர் பக்கம் நகர்த்தி, ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்கக் கூடாது, ஐயாவுக்கு முதல் மாத்திரையைக் கொடுங்கள் என்றார்.

சிஸ்டர் தட்டைப் பார்த்தாள். காலையிலிருந்து அவள் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்த பொட்டலம் அது. தனக்கு அழுகை வரும் என்று நினைத்தாள். வந்தது கோபம்தான்.

"ஐயா, உங்களைக் குத்தினது எது?"

"ஊசிதான். பார்த்துக்கிட்டுத்தானே இருந்த?"

"என்ன ஊசி?"

அகராதியால் தவறான பொருளை அனுமதிக்க முடியாது. "குண்டூசி," என்றார் மெதுவாக. பிறகு பதவியை நினைத்து, "அதுவும் ஊசியில ஒரு வகைதான்," என்று சேர்த்துக்கொண்டார்.

"ஊசி ஊசிதான். மாத்திரையைக் குடு சிஸ்டர்."

"அது இவ்வளவு நேரம் காகிதத்துக்குள்ளதான் ஐயா போயிட்டு வந்தது. காகிதத்துக்குக் கிருமி வர்றதில்லை."

சொல்லிவிட்டு அவள் பொட்டலத்தைப் பிரித்தாள். முதல் மாத்திரையைத் தன் வாயில் போட்டுக்கொண்டாள். கண்காணிப்பாளருக்காக வைத்திருந்த தண்ணீரை எடுத்து, மூடியை மேசை மேல் வைத்துவிட்டு, கடைசிச் சொட்டு வரை குடித்தாள். மிச்சப் பொட்டலத்தைச் சீருடைப் பைக்குள் வைத்துக்கொண்டாள். அதன்பின் பஞ்சும் பிளாஸ்திரியும் எடுத்து, கண்காணிப்பாளரின் கட்டைவிரலை அருமையாகத் துடைத்து, இத்தனூண்டு பிளாஸ்திரி ஒட்டிவிட்டு, அவருக்கு வணக்கம் சொல்லிக் கீழே இறங்கினாள். யாரும் தடுக்கவில்லை. எல்லோருடைய வாயும் திறந்தபடி இருந்தது.

சோதனை முடிவுகள் தெரியும் வரை மகளுக்குப் பால் கொடுக்க வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அன்று சாயங்காலம் மகள் அப்பாவின் தோளில் அழுதாள், கதவுக்கு இந்தப் பக்கம் சிஸ்டர் அழுதாள். மாத்திரை குமட்டிக்கொண்டு வந்தது. ஒரு வேளையும் விடாமல் விழுங்கினாள். பல மாதங்கள் கழித்து, கடைசிச் சோதனையிலும் ரத்தத்தில் கிருமி இல்லை என்று வந்தது. அப்போது மறுபடி வந்து சேர்ந்திருந்த ஜன்னலோரக் கட்டில் பெரியவரிடம் ஓடிப்போய்ச் சொன்னாள். அவர் போர்வையை முகத்துக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டார். போர்வை சிறிது நேரம் குலுங்கியது.

கண்காணிப்பாளரும் பூரணமாகக் குணமடைந்தார். இப்போதெல்லாம் மாநாடுகளில் 'ஊசிக்குத்திலிருந்து மீண்டு வந்தவர்' என்றுதான் அவரை மேடைக்கு அழைக்கிறார்கள். அந்த ஆஸ்பத்திரியின் ஆண்டறிக்கையிலும் ஊசிக்குத்து ஒன்றே ஒன்று, அது ஐயாவுடையது என்று தெளிவாகப் பதிவாகியிருக்கிறது. அவர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும்போது அவையில் கண்ணீர் விடாதவர் இல்லை. சிஸ்டரையும் நிர்வாகம் மறந்துவிடவில்லை. அவளுக்கும் ஓர் உறை வந்தது. கொண்டுவந்த கடைநிலை ஊழியர் அதைக் கொடுக்கக் கூசிக்கொண்டு நின்றார்.

"ஐயாவோட மருந்தை எடுத்து முழுங்கினது பெரிய குத்தம்னு எழுதியிருக்காங்க சிஸ்டர்."

இதைவிட நேர்மையான நிர்வாகத்தை எங்கே போய்த் தேடுவது? ஒரே ஊசியில் வந்ததை யார் மனமும் நோகாதபடி பங்கு பிரித்துக் கொடுத்துவிட்டார்கள்: குத்து ஐயாவுக்கு, குத்தம் சிஸ்டருக்கு.